ஈர் எல்லாம் பேன் அல்ல

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, யூகேஜி படிக்கிறாள். ஒரு மாதமாகப் பின்தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பொடுகு என்று நினைத்துவிட்டேன். போன வாரம் சடை பின்னும்போது காதுக்குப் பின்னால் ஒரு பேன் ஓடியது. தலை நிறைய ஈர். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார். பேசாமல் மொட்டை அடித்துவிடலாமா? வீட்டில் சுத்தம் போதவில்லையோ என்று நினைத்தால் அழுகையாக வருகிறது.
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அழ வேண்டாம் அம்மா. தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் பேன் வரும். அதற்குச் சிறகும் கிடையாது, தாவவும் தெரியாது. ஒரு தலைமுடியிலிருந்து இன்னொரு தலைமுடிக்கு ஏறித்தான் போகும். யூகேஜி பிள்ளைகள் நாலு பேர் ஒரே படப் புத்தகத்தின் மேல் தலையை முட்டிக்கொண்டு குனிந்திருப்பார்களே, அது போதும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டோமே என்றும் வருந்தாதீர்கள். பேனின் எச்சில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் அரிப்பு வருகிறது. முதல் தடவை பேன் பிடிக்கும்போது அந்த அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம்.

கைவைத்தியத்தைப் பற்றி. சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விழுது கொஞ்சம் வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். தலைக்குப் பூசிக் குளித்துவிட்டு, அன்று இரவே கண்ணைத் திறக்க முடியாமல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நம் ஊரில் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். யாராவது மண்ணெண்ணெய் என்று ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். மொட்டை? குலதெய்வத்துக்கு வேண்டுதல் பாக்கி இருந்தால் தாராளமாக அடியுங்கள். பேனுக்காக மட்டும் என்றால் தேவையில்லை.

‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது’ என்பார்கள். நிறைய வீடுகளில் அதுதான் நடக்கிறது. மண்டைத் தோலை ஒட்டி, அரை சென்டிமீட்டருக்குள் இருக்கிற ஈரில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கும். முடியோடு சேர்ந்து கீழே இறங்கி வந்துவிட்ட வெள்ளை ஈர்கள் அனேகமாகக் காலிக் கூடுகள். பொடுகை விரலால் தட்டினால் உதிரும், ஈர் உதிராது. பேன் அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கும். ஆகவே ஈரை எண்ணிக் கலங்காமல், ஓடுகிற பேன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மருந்துக் கடையில் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் என்று கேளுங்கள். அந்த ‘1’ முக்கியம். 5 சதவீதம் சிரங்குக்கானது. காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்று அட்டையில் போட்ட பழைய மருந்தைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது சிறு பிள்ளைகளின் நரம்பு மண்டலத்துக்கு ஆகாது.

நம் பிள்ளைகளின் தலையில் எப்போதும் எண்ணெய் இருக்கும். எண்ணெய் இருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெயைப் போக்குங்கள், கண்டிஷனர் வேண்டாம். துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விடாமல் லோஷனைத் தடவுங்கள். கண்ணைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். சரியாக 10 நிமிடம், அப்புறம் அலசிவிட வேண்டும். இன்னும் நன்றாகச் சாகட்டும் என்று ராத்திரி முழுவதும் விடுவது தப்பு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த மருந்து பேனைக் கொல்லும். ஆனால் ஈரையும் கொல்லும் என்று நம்ப முடியாது. ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் 9 முதல் 12 நாள். அதனால் முதல் தடவை போட்டு 9 நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும். ஞாயிறன்று போட்டால் அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். ‘மருந்து போட்டோம், திரும்ப வந்துவிட்டது’ என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது தடவையை விட்டவர்கள்தான்.

இடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பு. இங்கே கண்டிஷனர் நல்லது, வழுக்கலில் பேன் ஓட முடியாது. ஈரத் தலையில் அதைத் தாராளமாகத் தடவி, முடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, மண்டைத் தோலைத் தொட்டு நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவுக்கு ஒன்று காலை அசைத்தால் அது பேன். மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டே செய்தால் அரை மணி நேரம் தாங்குவாள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் தலை, மாமியார் தலை, அவளோடு ஒரே பாயில் படுக்கிறவர்கள் தலை எல்லாவற்றையும் அன்றைக்கே பாருங்கள். பேன் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். அவளுடைய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடிக்கத் தேவையில்லை.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்து, பொருக்குக் கட்டி, பிடரியில் நெறிகட்டியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். புண்ணுக்குத் தனி மருந்து வேண்டும்.

பள்ளிக்கு அனுப்பலாம். பேனுக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. சடையை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள், டீச்சரிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்ற அம்மாக்களும் அதே வாரத்தில் தலை பார்த்துவிட்டால், நீங்கள் அடுத்த மாதம் மறுபடியும் சீப்பை எடுக்க வேண்டியிருக்காது.