சீலியாக் உள்ள குழந்தைக்குக் குளூட்டன் இல்லாத கேக், பிரெட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆறு வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திவிட்டார்கள். வீட்டில் ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருக்கிறது. மைதாவுக்குப் பதில் அரிசி மாவு போட்டுச் செய்த கேக் நடுவில் அமுங்கி, மணல் மாதிரி உதிர்ந்துவிட்டது. இனி கேக், பிரெட் எல்லாம் வீட்டிலேயே செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது?

பதில்:

சல்லடையிலிருந்து தொடங்குங்கள். கோதுமை மாவு சலித்த சல்லடையை எத்தனை முறை கழுவினாலும் கண்ணிக்குள் மாவு நிற்கும். சப்பாத்திக் கட்டை, பலகை, மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் டின், டோஸ்டர் எல்லாம் அப்படித்தான். இவற்றை மகளுக்கென்று புதிதாக வாங்கித் தனி அலமாரியில் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடிக் கிண்ணமும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும். மிக்ஸிக்கு ஒரு தனி ஜார் வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாவு லேசில் போகாது. மைதா தூசி காற்றில் வெகுநேரம் மிதக்கும் என்பதால், மைதா சலித்த அன்று அதே சமையலறையில் இவளுக்கு பேக் செய்யாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்றால், தேவை. நம் நாட்டு உணவுத் தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு நல்ல சிட்டிகை மைதாவிலேயே அதைவிட அதிகம் இருக்கும்.

அடுத்தது மாவு மில். அரிசி மாவுதானே, என்ன ஆகப்போகிறது என்று மில்லில் கொடுத்து அரைப்பதுதான் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு உங்கள் பையில்தான் வந்து விழும். ராகி, கம்பு, தினை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: தானியத்தில் குளூட்டன் இல்லை, அரைத்த இடத்தில் இருக்கிறது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பாக்கெட் வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டில் அரையுங்கள். பச்சரிசியைப் பொறுக்கி, கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மிக்ஸியில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, கடாயில் நிறம் மாறாமல் ஈரம் போகும்வரை வறுத்து ஆறவையுங்கள். ஊறவைத்து அரைத்த மாவு உலர அரைத்ததைவிட நைசாக இருக்கும். உங்கள் கேக் மணல் மாதிரி ஆனதற்குப் பாதிக் காரணம் மாவின் கரகரப்பு. புழுங்கலரிசி மாவு இதற்கு ஒத்துவராது.

மீதிப் பாதிக் காரணம், குளூட்டன் செய்த வேலையைச் செய்ய அந்தக் கேக்கில் எதுவுமே இல்லாதது. இட்லியை நினைத்துப் பாருங்கள். இட்லியிலும் குளூட்டன் கிடையாது, ஆனாலும் உப்புகிறது. புளிக்கும்போது வரும் வாயுவை உளுந்தின் வழுவழுப்பு பிடித்து வைக்கிறது. உளுந்து போடாமல் அரிசியை மட்டும் புளிக்கவைத்து ஊற்றினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கேக்கிலும் பிரெட்டிலும் அந்த உளுந்தின் இடத்துக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கேக்குக்கு சாந்தன் கம் என்ற பிசின் பொடி, 200 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன். பிரெட்டுக்கு இசப்கோல் உமி, மாவு எடையில் 5 சதவீதம். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற அதே இசப்கோல்தான். ஆரஞ்சு வாசனையும் சர்க்கரையும் சேர்க்காத வெறும் உமியாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவை கப்பில் எடுக்காதீர்கள். வீட்டில் அரைத்த மாவு ஒரு கப் ஒருநாள் 120 கிராம் இருக்கும், இன்னொரு நாள் 150 கிராம் இருக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.

முதல் முயற்சியாக பிரெட்டில் இறங்க வேண்டாம். உதிர்வதே அழகாக இருக்கும் ஒன்றைச் செய்யுங்கள்: நான்கட்டாய். கடலை மாவு 100 கிராம், அரிசி மாவு 50, பொடித்த சர்க்கரை 75, உறைந்த நெய் 90, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். வெளியே எடுத்த உடனே தொட்டால் உடையும், தட்டிலேயே கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

அது வந்துவிட்டால் கேக். எட்டு அங்குல வட்ட டின்னுக்கு அரிசி மாவு 120 கிராம், கார்ன்ஃப்ளார் 40, மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச் 40, சர்க்கரை 180, எண்ணெய் 100 மில்லி, முட்டை மூன்று, கெட்டித் தயிர் 120 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சாந்தன் கம் அரை டீஸ்பூன், உப்பு, வெனிலா. ஜவ்வரிசியைப் பொடித்து ஸ்டார்ச்சுக்குப் பதில் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். ஜவ்வரிசி தயாராகும்போதே பாதி வெந்த பொருள். தண்ணீரை அதிகம் இழுத்துக் கேக்கைப் பசையாக்கும். ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் அந்த 40 கிராமையும் கார்ன்ஃப்ளாராகவே போட்டுவிடுங்கள்.

சாந்தன் கம்மை முதலில் எண்ணெயில் கலக்குங்கள். நேராக ஈரத்தில் விழுந்தால் கட்டி கட்டும், பிறகு கரையவே கரையாது. முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, எண்ணெய், தயிர், மாவுகள், உப்பு, வெனிலா சேர்த்து, பேக்கிங் பவுடர் மட்டும் இல்லாமல், 30 நிமிடம் மூடி வையுங்கள். அரிசி மாவு மெதுவாகத்தான் ஊறும்; ஊறாமல் அடுப்புக்குப் போனால் நாக்கில் நெருடும். பேக்கிங் பவுடரை முதலிலேயே போட்டால் அந்த அரை மணியில் வாயு போய்விடும். எனவே மாவில் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை எடுத்து வைத்துக்கொண்டு, அதோடு பேக்கிங் பவுடரைச் சலித்துக் கடைசியில் கலந்து உடனே டின்னில் ஊற்றுங்கள். முன்பே சூடாக்கிய ஓடிஜியில் 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். உங்கள் கேக் நடுவில் அமுங்கியதற்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம்: சீக்கிரம் திறந்தது, பேக்கிங் பவுடர் அதிகமானது, நடுப்பகுதி வேகாதது.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். கேக் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும்.

பிரெட்டுக்குப் பொறுமை வேண்டும். அரிசி மாவு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100, கார்ன்ஃப்ளார் 50, ராகி மாவு 50. இந்த ராகியை விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சீலியாக் கண்டறிந்த குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருப்பது சகஜம். ஸ்டார்ச்சும் அரிசியும் மட்டும் வயிற்றை நிரப்புமே தவிர நார்ச்சத்தோ தாதுச்சத்தோ பெரிதாகத் தராது. இவற்றோடு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 20, உப்பு 7.

இன்னொரு கிண்ணத்தில் 360 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இசப்கோல் உமி 20 கிராமைத் தூவிக்கொண்டே அடியுங்கள். ஐந்தே நிமிடத்தில் ஊறிய சப்ஜா விதை மாதிரி வழுவழுவென்று திரண்டு, கரண்டியை நட்டால் நிற்கும். அதில் முட்டை இரண்டு, எண்ணெய் 30 மில்லி, வினிகர் ஒரு டீஸ்பூன் சேர்த்து, மாவில் கொட்டி நான்கு நிமிடம் நன்றாக அடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி திரளும் என்று காத்திருக்காதீர்கள். உளுந்து வடை மாவின் பதம்தான் சரி. தளர்வாக இருக்கிறதே என்று மேலும் மாவு சேர்த்தால் பிரெட் செங்கல்லாகிவிடும். பட்டர் பேப்பர் போட்ட எட்டரைக்கு நாலரை அங்குல டின்னில் வைத்து, வடைக்குச் செய்வது போலக் கையை நனைத்து மேலே வழவழப்பாக்குங்கள்.

ஒரே ஒருமுறை பொங்கினால் போதும், 40 முதல் 60 நிமிடம். நம் ஊர்க் கோடையில் அரை மணியிலேயே பொங்கிவிடும். இரண்டு மடங்கு ஆகும்வரை விடாதீர்கள், ஒன்றரை மடங்கு வந்ததும் உள்ளே வைத்துவிடுங்கள். அதிகம் பொங்கியது அடுப்பில் இடிந்து விழும். 200 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180இல் இன்னொரு 35 முதல் 40 நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 97 டிகிரி காட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே களி மாதிரி இருக்கும், வேகவில்லை என்று நினைப்பீர்கள். ஆறிய பிறகும் களியாக இருந்தால் அடுத்த முறை தண்ணீரை 20 மில்லி குறைத்து, பத்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.

மறைந்திருக்கும் கோதுமைக்கும் ஒரு கண் வையுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பேக்கிங் பவுடர், ஐசிங் சர்க்கரை, சாக்லேட், கேக் மேல் தூவும் வண்ண மணிகள் எல்லாவற்றிலும் லேபிளைப் படியுங்கள். 'கோதுமை இல்லாதது' என்று போட்டிருந்தாலும் பார்லியோ அதிலிருந்து செய்யும் மால்ட்டோ இருக்கலாம். ராகி பிஸ்கட், மில்லட் குக்கி என்று வருவதில் பல மைதாவில் செய்தவை. சாதாரண ஓட்ஸும் வேண்டாம். பள்ளியில் பிசைந்து விளையாடத் தரும் வண்ண மாவிலும் கோதுமை இருப்பதுண்டு. ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. வீடு முழுவதும் கோதுமையை நிறுத்தும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரோ மனைவியோ மற்ற குழந்தைகளும் சீலியாக் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

இந்த பிரெட் ஃப்ரிட்ஜில் ஒரே நாளில் விறைத்துவிடும். ஆறியதும் வெட்டி, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். எடுத்து அப்படியே அவளுடைய டோஸ்டரில் வைக்கலாம். கேக் மாவில் பாதியைக் கப்கேக்காக ஊற்றி, அதையும் ஃப்ரீசரில் வைத்திருங்கள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்று முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத்தான் தெரியவரும். ஒன்றை எடுத்து மூடியுள்ள தனி டப்பாவில் வைத்து அனுப்பினால், காலையில் கேக் வெட்டும் நேரத்துக்குள் மெத்தென்று ஆகியிருக்கும்.