செகண்ட் ஹேண்ட் பென்ஸ்: எந்த வருஷத்து வண்டியை நம்பலாம்?

நாமக்கல்லேருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார், சுருக்கிப் போடறேன்: "எங்க அப்பா லாரி ஃபீல்டுல இருந்தவர், பென்ஸ் இன்ஜினுக்கு சாவே கிடையாதுன்னு சொல்லிட்டே இருப்பார். இப்ப 10 லட்சத்துக்குள்ள பழைய பென்ஸ் ஒண்ணு எடுக்கலாம்னு பார்க்கறேன். மூணு வண்டி பார்த்து வெச்சிருக்கேன், 1996 இ220 பெட்ரோல், 2005 இ கிளாஸ் டீசல், 2012 சி220 சி.டி.ஐ. டீசல். ஒருத்தர் பென்ஸ்னா கண்ணை மூடிட்டு வாங்குங்கறார், இன்னொருத்தர் யானையைக் கட்டித் தீனி போடற கதைங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?"

ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதாங்க. ஆளுக்கொரு காலத்து வண்டியை மனசுல வெச்சுப் பேசறாங்க, அவ்வளவுதான். இந்தக் கம்பெனி பேர் சம்பாதிச்சது சில குறிப்பிட்ட வருஷங்கள்ல, அதைக் கெடுத்துக்கிட்டதும் சில குறிப்பிட்ட வருஷங்கள்ல. நீங்க பார்த்து வெச்சிருக்கற மூணும் மூணு வேற காலத்தைச் சேர்ந்தது, அதனால கொஞ்சம் வரலாறு பேசாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதல்ல உங்க அப்பா சொன்னது. அவர் சொன்னது காரைப் பத்தி இல்ல, லாரியைப் பத்தி. 1954-ல டெல்கோவும் (இன்னைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனி டைம்லர் பென்ஸும் 15 வருஷ ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி பண்ண ஆரம்பிச்சாங்க, 1969-ல ஒப்பந்தம் முடியற வரைக்கும் நம்ம ரோட்ல ஓடின லாரி மூஞ்சிலயே அந்த மூணு முனை ஸ்டார் இருந்துச்சு. காரையே கண்ணால பார்க்காத ஊர்ல கூட "பென்ஸ் லாரி"ன்னா தெரியும். ஓவர்லோடு ஏத்தி, மேடு பள்ளம் பார்க்காம ஓட்டி, ரோட்டோரத்துலயே பிரிச்சு மாட்டி திரும்ப ஓட்டக்கூடிய இன்ஜின் அது. அந்த மரியாதை நியாயமானது, ஆனா அதை அப்படியே தூக்கிட்டுப் போய் 2005-ல வந்த கம்ப்யூட்டர் காருக்குக் குடுக்கக் கூடாது.

கம்பெனியோட ஆரம்பம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிடறேன். 1886 ஜனவரி 29-ல மேன்ஹைம்ல கார்ல் பென்ஸ் மூணு சக்கர வண்டிக்கு பேட்டன்ட் போட்டார். அதை உலகத்துக்குக் காட்டினது அவர் மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்ட்ல ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு மேன்ஹைம்லேருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க, வழியில வீஸ்லோக்ங்கற ஊர்ல மருந்துக்கடையில எரிபொருள் வாங்கி ஊத்திக்கிட்டு, அடைச்சுக்கிட்ட ஃப்யூவல் லைனை தொப்பி ஊசியால குத்தி எடுத்து. இன்னொரு பக்கம் டைம்லர்ங்கற இன்ஜினியரும் அவர் கூட்டாளி மேபாக்கும் தனியா வண்டி பண்ணிட்டு இருந்தாங்க. மெர்சிடிஸ்ங்கறது அவங்க வண்டியை வாங்கி வித்த எமில் யெல்லினெக்ங்கற வியாபாரியோட பொண்ணு பேரு. 1926-ல ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல நாஜி அரசுக்காக வேலை செஞ்சு, கைதிகளையும் பிடிச்சுட்டு வந்த வெளிநாட்டு ஆட்களையும் ஆயிரக்கணக்குல கட்டாய வேலைக்கு வெச்சிருந்தாங்க, இந்தப் பெயரைப் பத்திப் பெருமையா பேசறவங்க அதையும் சேர்த்துத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

நமக்கு வேண்டிய கதை 1950-க்கு அப்புறம் ஆரம்பிக்குது. பெலா பாரேன்யிங்கற இன்ஜினியர், மோதினா வண்டியோட முன்னாடியும் பின்னாடியும் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கணும், ஆள் உட்கார்ற கூண்டு மட்டும் கெட்டியா நிக்கணும்னு யோசிச்சு டிசைன் பண்ணினார், 1959-ல அது ரோட்டுக்கு வந்துச்சு. 1978-ல பாஷ் கம்பெனி கூட சேர்ந்து எஸ் கிளாஸ்ல ஏ.பி.எஸ். (பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கறது), 1981 ஒட்டி ஏர்பேக், 1995-ல ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்கித் திரும்பாம பிடிச்சு வைக்கறது). இன்னைக்கு சின்ன கார்ல கூட நாம எதிர்பார்க்கற பாதுகாப்பு சமாச்சாரத்துல பாதி இவங்க வழியா வந்தது. பென்ஸ்மேல எனக்கு இருக்கற மரியாதையில பெரிய பங்கு இதுக்குத்தான், லெதர் சீட்டுக்கு இல்ல.

அதே சமயத்துல, 1976-லேருந்து 95 வரைக்கும், டபிள்யூ 123, டபிள்யூ 124-னு ரெண்டு மாடல் வந்துச்சு (ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனி வைக்கற நம்பர் இது). அப்ப ஜெர்மனில டாக்ஸின்னாலே இதுதான். ஆப்பிரிக்காவுலயும் அரபு நாடுகள்லயும் இன்னும் ஓடுது. கிரீஸ்ல ஒரு டாக்ஸிக்காரர் இதுக்கும் முந்தின தலைமுறை 240 டீசல்ல 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, அந்த வண்டி கம்பெனி மியூசியத்துக்கே போயிடுச்சு. இதைச் சொல்றவங்க எல்லாரும் விட்டுடற விஷயம், அந்த வண்டிக்கு இன்ஜின் பல தடவை மாத்தியிருக்கு. பாடியும் அடிப்படையும் அவ்வளவு கெட்டி, இன்ஜினைக் கழட்டி மாட்டறது சுலபம், ஓனர் மெயின்டெனன்ஸை விடல, அதான் ஓடிச்சு. சாவே இல்லாத இன்ஜின்னு எதுவும் கிடையாது.

124-ல ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்க, வைப்பர். ஒத்தை வைப்பர்தான் இருக்கும். சாதாரணமா ஒத்தை வைப்பர் வெச்சா அரை வட்டமா துடைச்சுட்டு மேல ரெண்டு மூலையையும் அழுக்கா விட்டுடும். இவங்க அடியில ஒரு மெக்கானிசம் வெச்சு, வைப்பர் மூலைக்கு வரும்போது கை நீண்டு மூலை வரைக்கும் போகும், நடுவுக்கு வரும்போது திரும்ப உள்ள இழுத்துக்கும். மழையில உள்ள உட்கார்ந்து பார்த்தா அது தலையை ஆட்டி ஆட்டி நீண்டு சுருங்கறது தெரியும். ஒரு வைப்பருக்கு இவ்வளவு மெனக்கெட்ட காலம் அது. முதல்ல இன்ஜினியர் சரின்னு நினைக்கறதை டிசைன் பண்ணுவார், விலை அப்புறம் முடிவாகும்.

இது மாறினதுக்கு முக்கியமான காரணம் ஜப்பான். 1989-ல டொயோட்டா லெக்ஸஸ் எல்.எஸ். 400-ஐ இறக்கினாங்க, எஸ் கிளாஸ் அளவுக்கு அமைதியா ஓடற கார், விலை ரொம்ப கம்மி. பென்ஸ்காரங்க ஆடிப்போயிட்டாங்க. அதுக்கப்புறம் முறையே தலைகீழாச்சு, இந்த விலைக்குள்ள முடிக்கணும்னு முதல்ல எழுதிட்டு அப்புறம் டிசைன். 1998-ல அமெரிக்க கார் கம்பெனி கிரைஸ்லரோட இணைப்பு வேற, 2007-ல பிரியற வரைக்கும் கவனமும் பணமும் சிதறிச்சு. விளைவு வரிசையா வந்துச்சு. 1997-ல புதுசா வந்த ஏ கிளாஸ், ஸ்வீடன் பத்திரிகைக்காரங்க திடீர்னு வளைச்சு ஓட்டின டெஸ்ட்ல கவுந்துச்சு, டெலிவரியை நிறுத்தி எல்லா வண்டிக்கும் ஈ.எஸ்.பி. போட்டுக் குடுத்தாங்க. 1995-ல வந்த டபிள்யூ 210 இ கிளாஸ் துரு பிடிச்சே பேர் கெட்டுச்சு. ஐரோப்பாவுல பனிக்கு ரோட்ல உப்பு போடுவாங்க, அதனால அங்க இது பெரிய தலைவலி, நாமக்கல் வெயில்ல அந்த அளவுக்கு பயப்பட வேண்டியதில்ல. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொன்னதும் அந்தக் காலத்துலதான், அப்புறம் அவங்களே பேச்சை மாத்தி மாத்தச் சொன்னாங்க. இன்னைக்கும் யாராவது "லைஃப் டைம் ஆயில் சார்"னு சொன்னா அந்த வண்டியோட கியர்பாக்ஸை சந்தேகமா பாருங்க.

இப்ப உங்க மூணு வண்டிக்கு வரலாம்.

1996 இ220. இது டபிள்யூ 124. வெளிநாட்டுல 210-க்கு மாறின அதே 1995-ல நம்ம நாட்டுல 124-ஐ புனேல அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க, அதனால நல்ல காலத்து மாடல் நமக்குக் கடைசி நேரத்துல கிடைச்சுது. பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் தங்கம். ஆனா ஒரு கோளாறு உண்டு, 90-களோட முதல் பாதியில வந்த பெட்ரோல் வண்டிகள்ல இன்ஜின் வயரிங் ஹார்னஸுக்கு, அதாவது ஒயர்க் கட்டுக்கு, ஒரு மாதிரியான இன்சுலேஷன் போட்டாங்க, இன்ஜின் சூட்டுல அது கெட்டியாகி வெடிச்சுடும். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஆஃப் பண்ணி ஆறவிட்டு, எரிபொருளைப் பீச்சற இன்ஜெக்டருக்குப் போற ஒயரோட மேல் உறையை கொஞ்சம் விலக்கிட்டு உள்ள இருக்கற கலர் ஒயரை லேசா மடிச்சுப் பாருங்க. ரப்பர் மாதிரி வளைஞ்சா சரி, பொடிப்பொடியா உதிர்ந்து செம்பு தெரிஞ்சா ஹார்னஸ் மொத்தமும் மாத்தணும், மாத்தாம ஓட்டினா ஷார்ட் ஆகி இ.சி.யூ.ங்கற இன்ஜின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். புதுசா மாத்தினதுக்கு பில் இருந்தா அந்த வண்டிக்கு ஒரு மார்க் கூட. ஆனா இதை தினசரி வண்டியா வாங்காதீங்க, கிட்டத்தட்ட 30 வருஷ வண்டி, 15 வருஷம் தாண்டினதால அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும், எஃப்.சி. இருக்கு, கிரீன் டாக்ஸ் இருக்கு, கண்ணாடி, ட்ரிம் மாதிரி சில பார்ட்ஸுக்குத் தேடி அலையணும். வீட்ல இன்னொரு கார் இருந்து, இதை ஆசைக்கு வெச்சுப் பார்த்துக்கறதுன்னா தாராளமா எடுங்க.

2005 இ கிளாஸ். டபிள்யூ 211. மூணுலயும் பார்க்க ரொம்ப கம்பீரமா இருக்கறது இதுதான், அதனாலேயே நிறைய பேர் மாட்டிக்கறாங்க. இதுல எஸ்.பி.சி.ன்னு ஒரு பிரேக் சிஸ்டம். பெடலை மிதிச்சா நேரா ஆயில் பிரஷர் போகாது, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பம்ப்பை ஓட்டி பிரேக் பிடிக்கும். பம்ப் யூனிட் எத்தனை தடவை பிரேக் அடிச்சோம்னு எண்ணிட்டே வரும், ஒரு அளவைத் தாண்டினா மாத்தச் சொல்லி டேஷ்போர்டுல மெசேஜ் வரும். அதையும் மீறி ஃபெயில் ஆச்சுன்னா முன் சக்கரத்துக்கு மட்டும், அதுவும் பெடலை ரொம்ப அழுத்தி மிதிச்சாத்தான் பிரேக். 2004-ல இதுக்காக ஒரு பெரிய ரீகால், 2005-ல பிரேக், எலக்ட்ரிக்கல்னு சேர்த்து 13 லட்சம் வண்டிக்கு இன்னொரு ரீகால். கடைசில 2006 ஃபேஸ்லிஃப்ட்ல இந்த சிஸ்டத்தையே தூக்கிட்டு சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிட்டாங்க. கம்பெனியே கைவிட்ட ஒண்ணை 20 வருஷம் கழிச்சு நீங்க ஏன் சுமக்கணும்? டிரைவர் கதவைத் திறந்ததும் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமலேயே பானெட் பக்கம் "ம்ம்ம்"னு ஒரு மோட்டார் சத்தம் கேட்டா அது எஸ்.பி.சி. வண்டி, விட்டுடுங்க. 211 தான் வேணும்னா 2007-க்கு மேல உள்ளதைத் தேடுங்க, 220 சி.டி.ஐ. நல்ல இன்ஜின். 280 சி.டி.ஐ. வி6 ஓட்ட அருமை, ஆனா இன்ஜினோட வி பள்ளத்துக்குள்ள ஆயில் கூலர் சீல் கசியும், சீல் விலை சொற்பம்தான், அதைத் தொடறதுக்கு மேல டர்போ வரைக்கும் எல்லாத்தையும் பிரிக்கணும், லேபர்தான் ஆளை அடிக்கும். ஏர் சஸ்பென்ஷன் இருக்கற வண்டின்னா ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு காலைல போய்ப் பாருங்க, ஒரு மூலை இறங்கியிருந்தா பேரம் பேசக் கூட நிக்காதீங்க.

2012 சி220 சி.டி.ஐ. டபிள்யூ 204. உங்க தேவைக்கு இதைத்தான் சொல்வேன். கெட்ட பேர் வாங்கி அடிபட்டு, திரும்ப ஒழுங்கா பண்ணணும்னு கம்பெனி இறங்கின காலத்து வண்டி, அது கதவைச் சாத்தும்போதே தெரியும். ஆனா இதுலயும் மூணு இடம் பார்க்கணும். ஒண்ணு, டைமிங் செயின், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்துக்குத் திறந்து மூட வைக்கற சங்கிலி. இந்த டீசல் இன்ஜின்ல செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமா இருக்கு, வேலை வந்தா செலவு பெரிசு. அதனால வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட போன்ல "ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா, நான் வந்து பண்ணிக்கறேன்"னு சொல்லிடுங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா அன்னைக்குத் திரும்பி வந்துடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணதும் முதல் சில நொடி பின்பக்கத்துலேருந்து கடகடன்னு சங்கிலி சத்தம் வருதான்னு கேளுங்க. ரெண்டு, ஸ்டீயரிங் லாக். சாவியை உள்ள விட்டதும் "விர்ர்"னு ஒரு சின்ன மோட்டார் சத்தத்தோட லாக் விடுபடணும், அந்த மோட்டார் இந்த மாடல்ல பேர் போன பிரச்னை, ஒரு நாள் சாவி உள்ள இருக்கும், வண்டி உசுரே இல்லாம நிக்கும். சத்தம் இழுத்து இழுத்து வந்தாலோ ரெண்டு மூணு தடவை சாவி போட வேண்டியிருந்தாலோ அதுக்கான செலவை விலைல கழிச்சுக்கோங்க. மூணு, இன்ஜெக்டர். இந்த இன்ஜினோட ஆரம்பகால வண்டிகள்ல இன்ஜெக்டர் கெட்டு மாத்தின சரித்திரம் உண்டு, ஸ்கேனர் மாட்டி நாலு சிலிண்டரும் ஒரே சீரா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

டீலர் சொல்ற மாடல் பேரை வெச்சு முடிவு பண்ணாம, சேசிஸ் நம்பரைப் பாருங்க. நாலாவது இடத்துலேருந்து வர்ற மூணு எண் 124, 211, 204-னு எந்த தலைமுறைன்னு காட்டிக்குடுத்துடும். அந்த நம்பரை வெச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, ஓனர் ஒத்துழைக்க மறுத்தா அதுவே பதில்.

காசு விஷயம். 10 லட்சம்னா 10 லட்சத்துக்கும் வண்டி வாங்காதீங்க, ஏழரை எட்டுல முடிச்சுட்டு மிச்சத்தைத் தனியா வைங்க. வாங்கின உடனே இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரி, டயர் வருஷம், இத்தனையும் பார்த்துடணும். வண்டிய மரத்தடியில நிறுத்தறீங்கன்னா கண்ணாடிக்குக் கீழ இருக்கற தண்ணி வடியற ஓட்டையில இலை அடைக்காம மாசா மாசம் எடுத்துப் போடுங்க, அது அடைச்சா தண்ணி எலக்ட்ரிக்கல் பாக்ஸ் பக்கம் திரும்பும். அப்புறம், வாங்கறதுக்கு முன்னாடியே சேலம் இல்லேன்னா கோயம்புத்தூர்ல பென்ஸ் ஸ்கேனர் வெச்சிருக்கற தனி மெக்கானிக் ஒருத்தரைப் பிடிங்க, அந்த 2012 வண்டியை அவர் லிஃப்ட்ல ஏத்திக் காட்ட ஓனர் சம்மதிச்சார்னா மட்டும் அட்வான்ஸ் குடுங்க.