பழைய கணினி, குறைந்த பணம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: பத்து ஆண்டு பழைய மேசைக் கணினி. திறந்து வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்), எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான, சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் கணினியிடமே கேளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி திணறும் நேரத்தில் அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, மெமரியில், அதாவது ரேமில், இடம் மிச்சமிருக்கிறது என்றால் யோசிக்காமல் எஸ்.எஸ்.டி. வாங்கலாம். மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரேமும் போதவில்லை. ரேமில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுப்பதால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும்.

இரண்டுமே பற்றாக்குறை என்றாலும் நான் எஸ்.எஸ்.டி.யைத்தான் முதலில் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே ஏறத்தாழ 10 மில்லிவினாடி பிடிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அது சுமார் 0.1 மில்லிவினாடி. விண்டோஸ் திறக்கும்போது சிறு சிறு கோப்புகளை ஓயாமல் தேடுகிறது. உங்கள் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது. பழைய மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை) சாட்டா 2 என்ற பழைய டிஸ்க் இணைப்புதான் இருக்கிறது, வேகம் பாதியாகிவிடும் என்று சிலர் தடுப்பார்கள். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது அது உண்மை. தேடும் நேரத்தை அது தொடுவதில்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., 256 ஜி.பி. அளவில் போதும். விண்டோஸை அதில் ஏற்றிவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். வயதான டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய ரேம் ஸ்லாட்டில் உட்கார மறுக்கிறது. அழுத்திப் பொருத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்களுடையது டி.டி.ஆர்.3 தலைமுறை ரேமுக்கான மதர்போர்டாகவும், வாங்கியது டி.டி.ஆர்.4 ஆகவும் இருக்கக்கூடும். முன்னதில் 240 பின், பின்னதில் 288. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். பழைய ரேமின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் அது பயன்படுத்தாது. 64 பிட் ஏற்றிய பிறகே கூடுதல் ரேமுக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: பிராசஸரை மாற்றினால்?

பதில்: கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதே சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்), மதர்போர்டின் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) ஏற்கும் பழைய பிராசஸர்தான் பொருந்தும். அலுவலக வேலைக்கும் இணையத்துக்கும் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

கேள்வி: நண்பர் தன்னுடைய கிராபிக்ஸ் கார்டைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கார்டில் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே அது ஓடும். பெரும்பாலும் சிக்கல் இராது. 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 பின் 150 வாட் வரை இழுக்கும். பவர் சப்ளையில் அந்த இணைப்பு இல்லாதபோது அடாப்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள். தளர்ந்த பவர் சப்ளை எரிந்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். கேபினெட் ஒல்லியானது என்றால் கார்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 என் கணினியை ஏற்க மறுக்கிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: தூக்கிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றினால் அப்டேட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்தால் நிறுவிக்கொள்ளலாம், விலை கிடையாது.

கேள்வி: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி மாறிவிடுகிறது. இணையதளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், எச்சரிக்கை அதனால்தான். மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம். தேதியோடு பூட் வரிசையையும் (எந்த டிஸ்க்கிலிருந்து கணினி திறக்க வேண்டும் என்பது) ஒருமுறை சரிபாருங்கள்.