ஆய்வுக்கு வருபவர்கள் நாம் நினைத்தபடி நடக்காதபோது: கேள்வி பதில்

கேள்வி (முனைவர் பட்ட மாணவர், மதுரை): எனக்கு 100 பேர் தேவை. ஒப்புக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வருவதில்லை என்பதால் 120 பேரிடம் பேசி வைத்தேன். அப்படியும் ஆள் குறைகிறது.

பதில்: 120இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் 96தானே? 100ஐ 0.8ஆல் வகுங்கள், 125 வரும். முந்தைய நாள் மாலை கூப்பிட்டு நினைவூட்டுங்கள், பஸ் காசைக் கையில் கொடுங்கள். நடவுக் காலத்தில் காலை 10 மணிக்கு வரச் சொன்னால் யார் வருவார்?

கேள்வி (ஆய்வு மாணவி, திருச்சி): மருமகளிடம் கேட்டால் மாமியார் பதில் சொல்கிறார், அம்மா. என்ன செய்வது?

பதில்: பேறுகால உணவைப் பற்றிக் கேட்கப் போன வீடுகளில் நானும் இதில் மாட்டியிருக்கிறேன். மாமியாரை எழுந்து போகச் சொல்லாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு பேச்சு வாங்குவது மருமகள்தான். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மாமியாரிடமும் ஒப்புதல் வாங்கி, அவர் காலத்துப் பிரசவங்களைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து துணைக்கு வந்தவர் கேட்கட்டும். ஒப்புக்கு அல்ல, எழுதியே வரட்டும். தனிமை கிடைக்காவிட்டால், உடன் இருந்தது யார் என்று படிவத்தில் குறித்துவிடுங்கள்.

கேள்வி (உளவியல் மாணவர், கோவை): எதைக் கேட்டாலும் 'ஆமாம் சார்' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முரண்டு பிடிப்பவரைவிட இவரிடம்தான் எனக்குப் பயம். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஆர்ன் 1962இல் எழுதியதைக் கேளுங்கள். தாளுக்கு 224 கூட்டல் கணக்குகள், அப்படி 2,000 தாள்கள். ஒருவரிடம் கொடுத்து, கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஐந்தரை மணி நேரத்துக்குப் பின் சலித்துப்போனது ஆய்வாளர்தான்! முடித்த தாளை 32 துண்டாகக் கிழிக்கச் சொன்னபோதும் ஆட்கள் மணிக்கணக்கில் செய்தார்கள். பொறுமையைச் சோதிக்கிறார்கள் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரே விஷயத்தை நேராகவும் எதிராகவும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால் விடை தெரிந்துவிடும். உங்கள் கருதுகோள் தெரியாத ஒருவர் கேட்பது இன்னும் நல்லது.

கேள்வி (மருத்துவ மாணவர், சென்னை): மருந்துச் சோதனையில் பாதியில் விலகியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: விலகுவது அவர்கள் உரிமை, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறிகள் வகுத்த 1964இன் ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கிறது. ஆனால் முதலில் எந்தக் குழுவில் சேர்த்தீர்களோ அதிலேயே வைத்து எண்ணுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்களை எல்லாம் நீக்கிவிட்டால் எந்த மருந்தும் அற்புதமாகத்தான் தெரியும்.