கேள்வி நேரம்: ஐரிஷ்காரத் தாத்தாவின் பட்டாளம் எது?

கேள்வி: என் தாத்தாவின் தாத்தா அயர்லாந்துக்காரர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி, பட்டாளத்தில் சேர்ந்து மதராஸுக்கு வந்தாராம். திருச்சியில் கல்யாணம், பட்டாளத்தைவிட்டு விலகியபின் ரயில்வே வேலை, கடைசிக் காலம் மதுரையில். வீட்டில் இவ்வளவுதான் சொல்வார்கள். நாங்கள் கத்தோலிக்கர். ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. பழைய பைபிளின் கடைசித் தாளில் பிள்ளைகள் பிறந்த தேதிகள் எழுதியிருக்கின்றன. மாமாவோ, “அயர்லாந்து ரெக்கார்டெல்லாம் 1922-லேயே எரிந்துபோச்சு, தேடி ஒன்றும் ஆகாது” என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, அரசரடி, மதுரை

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. உள்நாட்டுப் போரின்போது 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் பெரும்பகுதியும் ஏராளமான உயில்களும் அதில் போயின. ஆனால் உங்கள் தாத்தா சோல்ஜர். அவருடைய காகிதங்கள் டப்ளினில் இல்லை, லண்டனில் இருந்தன. ஊரிலேயே கூலி வேலை பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அவரைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். பட்டாளத்தில் சேர்ந்ததால் அவர் பிறந்த ஊர், வயது, உயரம், முன்பு செய்த தொழில், ஏறி வந்த கப்பல் என்று எழுதிவைக்க அங்கே குமாஸ்தாக்கள் இருந்தார்கள்.

ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அயர்லாந்தில் தேட இறங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் குடும்பப் பெயர் அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் பெயர். முதலில் அவர் எந்த ரெஜிமெண்ட் என்று தெரியவேண்டும். அதற்கான விடை உங்கள் பீரோவிலேயே இருக்கலாம்.

அந்தப் பதக்கத்தை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் அதன் விளிம்பைப் பாருங்கள். முகப்பையோ பின்பக்கத்தையோ சொல்லவில்லை. காசைச் சுற்றி இருக்கும் அந்த ஓரம்தான் முக்கியம். அக்காலப் போர்ப் பதக்கங்களில் வாங்கியவரின் பெயரும் ரெஜிமெண்டும் ஓரத்தில்தான் இருக்கும். லென்ஸ் வைத்துச் சுற்றிவரப் படியுங்கள். ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் சிங்கத்தோடு நிற்கும் பெண் உருவமும் ‘1857–1858’ என்ற ஆண்டும் இருந்தால் அது சிப்பாய்க் கலகத்துக்கான பதக்கம். மேலே ‘லக்னோ’ என்றோ ‘மத்திய இந்தியா’ என்றோ ஒரு பட்டை மாட்டியிருந்தால் எந்தப் படையோடு போனார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஒரு வேண்டுகோள்: வெள்ளிச் சாமானைத் துலக்குவதுபோல் விபூதியோ பற்பொடியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஓரத்து எழுத்து மழுங்கினால் திரும்ப வராது.

ரெஜிமெண்ட் தெரிந்ததும் பார்க்கவேண்டியது, அது கும்பெனிப் படையா, ராணியின் படையா (அதாவது பிரிட்டிஷ் அரசின் சேனையா) என்பது. கிழக்கிந்தியக் கும்பெனி தனக்கென்று ஐரோப்பியப் படைகளையும் வைத்திருந்தது. அதில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மதராஸில் முதலாம் ஐரோப்பியப் படை, ‘மதராஸ் ஃபியூசிலியர்ஸ்’ என்று பெயர் பெற்று 1857-ல் லக்னோ வரை போனது. கும்பெனி ஆட்சி முடிந்தபின் ராணியின் சேனையில் 102-ஆம் ரெஜிமெண்ட் ஆகி, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. மூன்றாம் மதராஸ் ஐரோப்பியப் படை 108-ஆம் ரெஜிமெண்ட் ஆனது. ஒரே ஆள், ஒரே வேலை, ஆனால் ஆண்டைப் பொறுத்துப் படையின் பெயர் மாறும். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கும்பெனிப் படை என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மதராஸ் படையின் ஆஜர்ப் பட்டியல்களும் கப்பலேறியவர் பட்டியல்களும் அங்கே உண்டு. ராணியின் படை என்றால் லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். பென்ஷனோடு விலகியவரின் டிஸ்சார்ஜ் காகிதங்கள் அங்கே ‘டபிள்யூஓ 97’ என்ற வரிசையில் இருக்கின்றன. பிறந்த ஊர் பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் உடனே விமானம் ஏறவேண்டாம். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் தளத்தில் இலவசமாகப் பெயர் தேடலாம். ‘ஃபேமிலி சர்ச்’ தளமும் இலவசம். கட்டணத் தளங்களுக்குப் பிறகு போகலாம். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னால் வரும் ‘ஓ’ ஒரு ஏட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

அடுத்து, நம் ஊர்ப் பக்கம். மதராஸ் மாகாணத்துச் சர்ச்சுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆனால் கத்தோலிக்கக் கோயில்களிலிருந்து போன நகல்கள் அரைகுறை. உங்கள் குடும்பம் கத்தோலிக்கர் என்பதால் மூல ஏட்டைத்தான் பார்க்கவேண்டும். மதுரை தனி மறைமாவட்டம் ஆனதே 1938-ல்தான். அதற்குமுன் திருச்சியோடு சேர்ந்திருந்தது. ஆகவே திருச்சிப் பங்குக் கோயில்களில் ஆரம்பியுங்கள். பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, உத்தேச ஆண்டையும் சொல்லி அனுமதி கேளுங்கள். ஏடு லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆகியிருப்பார், வில்லியம் ‘கூலியெல்முஸ்’ ஆகியிருப்பார். பைபிளில் இருக்கும் மூத்த பிள்ளையின் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிப் போனால் கல்யாணத்தைப் பிடிக்கலாம். மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். ரயில்வே வேலையாகத்தான் இங்கே வந்தார் என்றால் அடக்கப் பதிவை அதற்குப் பிந்திய ஏடுகளில் தேடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் கல்லைத் தேடி அலையவேண்டாம் என்பேன். ஆபீசர்களுக்குக் கல் நட்டார்கள், சாதாரண சோல்ஜருக்கு அது அபூர்வம்.

அந்தக் கல்யாணப் பதிவு கிடைத்தால் மணமகள் வரியை நிதானமாகப் படியுங்கள். மாப்பிள்ளைக்கு ரெஜிமெண்ட், பதவி எல்லாம் எழுதியிருப்பார்கள். பெண் இந்த ஊர்க்காரியாக இருந்தால் பல பதிவுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றுதான் இருக்கும். அப்பா யார், ஊர் எது, ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்ட வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்கள் கடிதத்திலும் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, வீட்டில் சொன்னதைத்தானே எழுதினீர்கள்? ஆனால் தாத்தாவைத் தேடும் அதே ஏட்டில், சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள், பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியின் அக்கா தங்கைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள். அவர் உங்களுக்கு அதே அளவு சொந்தம்.

பிறந்த ஊர் தெரிந்தபின் அயர்லாந்து எளிது. கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் 1922 தீயில் அவை சிக்கவில்லை. டப்ளின் தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான ஏடுகளை 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1847–1864-ல் எடுத்த ‘கிரிஃபித்’ நில மதிப்பீடும் இலவசம். அவருடைய அப்பா குத்தகைக்காரராக இருந்திருந்தால் யாரிடம் எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பது அதில் தெரியும். மாமாவிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: என் அம்மாவுடைய தாத்தாவின் அப்பாவும் ஐரிஷ் சோல்ஜர்தான். ஆவணத்தோடு நிரூபித்தால் எங்களுக்கு ஆங்கிலோ இந்தியன் சான்றிதழ் கிடைக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கிடைக்காது. அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவு, தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்கவேண்டும் என்கிறது. அம்மா வழி செல்லாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. தேடும் முறை மேலே சொன்னதுதான், ஒரே ஒரு வித்தியாசம்: பெண் வழியில் ஒவ்வொரு கல்யாணத்திலும் குடும்பப் பெயர் மாறும். அம்மாவின் திருமணப் பதிவில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைத் திருமணப் பதிவையும் கையில் வாங்கிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.