'புரியுதுக்கா' என்கிறார்கள், தாளில் ஒன்றும் வரவில்லை: கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவர்களுக்கு

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். மாலையில் வீட்டில் மூன்று பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒருத்தி பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு; பிளஸ் டூ வரை தமிழ்வழி; இயற்பிய வேதியியலில் அரியர் வைத்திருக்கிறாள். ஒருவன் பொறியியல் முதலாண்டு. இன்னொருத்தி விலங்கியல் மாணவி, வேதியியல் அவளுக்குத் துணைப்பாடம். நான் நடத்தும்போது மூவரும் 'புரியுதுக்கா' என்கிறார்கள். எழுதச் சொன்னால் எதுவும் வருவதில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. என்ன செய்வது? அசைன்மென்ட்டையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். தரலாமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: 'புரியுதுக்கா' என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. நீங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டே போகும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒழுங்காகத்தான் வருகிறது. அதை அவர்களால் பின்தொடர முடிகிறது. தேர்வில் வேண்டியது வேறு திறமை: அடுத்த வரி எது என்று தானே முடிவு செய்வது. உங்கள் வீட்டில் அந்த முடிவுகள் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். கல்லூரியில் ஏற்கெனவே ஒருவர் நடத்திய பாடத்தை மாலையில் இன்னொரு முறை, இன்னும் தெளிவாக, இன்னும் பொறுமையாக நடத்துவதாகவே டியூஷன் ஆகிவிடுகிறது. அதனால் பெரிய பலன் இருக்காது.

நாளையிலிருந்து பேனா அவர்கள் கையில் இருக்கட்டும். வந்து உட்கார்ந்ததும் பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியைக் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். முதல் இருபது நிமிடம் நீங்கள் எதையும் எழுதாதீர்கள். திருத்தவும் வேண்டாம். எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்த வரியை யோசிக்காமல் மனப்பாடமாக எழுதுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். அமைதியாக இருப்பது முதல் வாரம் உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய தகவல் முழுவதும் அந்த இருபது நிமிடத்தில்தான் கிடைக்கும்.

ஓர் உதாரணம். கால்சியம் கார்பனேட் எந்த வெப்பநிலையில் சிதைவுறத் தொடங்கும் என்பது வழக்கமான கேள்வி. டெல்டா எச் (வெப்ப அடக்க மாற்றம்) 178 கிலோஜூல், டெல்டா எஸ் (என்ட்ரோபி மாற்றம்) கெல்வினுக்கு 160.5 ஜூல் என்று கொடுத்திருப்பார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும் என்பது மாணவிக்குத் தெரியும். வகுத்து 1.1 கெல்வின் என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிடுவாள். கிலோஜூலை ஜூலாக மாற்றவில்லை என்று நீங்கள் உடனே சொன்னால் அந்தக் கணக்கு மட்டும் சரியாகும். அதற்குப் பதிலாக, 'சுண்ணாம்புக் காளவாய் பார்த்திருக்கியா? அது எவ்வளவு சூடா இருக்கும்?' என்று கேளுங்கள். 1.1 கெல்வின் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 272 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் சுண்ணாம்புக்கல் சிதையும் என்றால் உலகத்தில் சுண்ணாம்புக்கல்லே மிஞ்சியிருக்காது. அலகை அவளே தேடிப் பிடித்துத் திருத்தினால் விடை ஏறத்தாழ 1,110 கெல்வின், அதாவது 830 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே வரும். காளவாயின் சூட்டோடு அது பொருந்துகிறது. இனி எந்த விடை வந்தாலும் 'இது நடக்கக் கூடியதா?' என்று ஒரு கணம் நிற்கும் பழக்கம் அவளுக்கு வரத் தொடங்கும்.

வேதியியல் ஏன் இப்படி நழுவுகிறது என்பதற்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். என் அனுபவத்தில் அதைவிட உதவியான ஒன்றை நான் பார்த்ததில்லை. வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர். கண்ணுக்குத் தெரியும் கரைசல், நிறம், வீழ்படிவு ஒரு தளம். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள், அயனிகள் இன்னொரு தளம். குறியீடுகளும் சமன்பாடுகளும் மூன்றாவது. பல ஆண்டு பழகிய நாம் இந்த மூன்றுக்கும் நடுவே நினைக்காமலே தாவிக்கொண்டிருக்கிறோம். மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாவது தளத்தில் மட்டும் இருந்துகொண்டு எழுத்துகளை இடம் மாற்றுகிறார்கள். 1987-ல் நுரன்பெர்ன், பிக்கரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வாயு விதிக் கணக்கைச் சரியாகப் போட்ட பலரால், அதே வாயுவின் துகள்கள் குடுவைக்குள் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஆகவே படம் வரைய வையுங்கள். உங்கள் அரியர் மாணவிக்கு பஃபர் கரைசலிலிருந்து தொடங்கலாம். பிளஸ் டூவில் தாங்கல் கரைசல் என்று படித்தது இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். ஒரு பீக்கர் வரைந்து, அதற்குள் பத்து அசெட்டிக் அமில மூலக்கூறும் பத்து அசெட்டேட் அயனியும் போடச் சொல்லுங்கள். இப்போது ஒரு ஹைட்ரஜன் அயனி உள்ளே வருகிறது, அதை யார் பிடித்துக்கொள்வார்கள்? அசெட்டேட். பத்து, பத்தாக இருந்தது பதினொன்று, ஒன்பதாக மாறுகிறது. விகிதம் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரிகிறது. பஃபரின் பிஎச் கணக்கிடும் ஹெண்டர்சன் சமன்பாட்டை இதற்குப் பிறகு எழுதட்டும். இரண்டும் 0.1 மோலார் என்றால் பிஎச் 4.76. ஒரு லிட்டரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் 4.67. அதே அமிலத்தைத் தூய நீரில் சேர்த்தால் பிஎச் 7-லிருந்து 2-க்கு இறங்கிவிடும். பஃபர் என்பதன் பொருள் அவளுக்கு இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

அடுத்த நாள் 10-ன் அடுக்கு −8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் கேளுங்கள். 8 என்று சொல்வாள். அமிலத்தைக் கரைத்து காரம் வருமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நீரிலிருந்தே வரும் ஹைட்ரஜன் அயனியை மறந்துவிட்டோம் என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். சரியான விடை 6.98.

இயற்பிய வேதியியலில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதில் மாணவர் மேல் தவறே கிடையாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதியை சில புத்தகங்கள் 'வெப்பம் கூட்டல் வேலை' என்றும், வேறு சில 'வெப்பம் கழித்தல் வேலை' என்றும் எழுதுகின்றன. முதலாவதில் அமைப்பின் மேல் செய்யப்படும் வேலை நேர்க்குறி. இரண்டாவதில் அமைப்பு செய்யும் வேலை நேர்க்குறி. இன்று வேதியியலில் பன்னாட்டு அளவில் முதலாவதுதான் வழக்கம். ஆனால் நம் கல்லூரிகளில் புழங்கும் பழைய புத்தகங்களில் இரண்டாவதும் இருக்கிறது, இயற்பியல் புத்தகங்களிலும் இருக்கிறது. கல்லூரியில் ஒன்று, உங்களிடம் ஒன்று என்று கேட்டால் அந்தப் பெண் எந்தக் குறி போடுவாள்? அவளுடைய வகுப்பு நோட்டை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள முறையையே நீங்களும் பின்பற்றுங்கள். டியூஷன் எடுப்பவர் செய்யும் முதல் உதவியே மாணவரின் புத்தகத்துக்குள் போய் நின்று பேசுவதுதான்.

கணிதத்தையும் ஒரு நாள் சோதித்துவிடுங்கள். வேதியியல் வரவில்லை என்று நாம் நினைக்கும் பாதி இடங்களில் வராமலிருப்பது மடக்கையும் சாய்வும்தான். 298 கெல்வினிலிருந்து 308 கெல்வினுக்குப் போகும்போது வினைவேகம் இரட்டிப்பானால் கிளர்வு ஆற்றல் என்ன என்று கேளுங்கள். மோலுக்கு 53 கிலோஜூல் அளவில் விடை வர வேண்டும். இயல் மடக்கைக்கும் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கைக்கும் 2.303 என்ற காரணி ஏன் வருகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், வினைவேகத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் அர்ஹீனியஸ் சமன்பாட்டை அன்றைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மடக்கையை எடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலும் பிஎச் கணக்கிலும் திரும்பக் கிடைத்துவிடும்.

பொறியியல் மாணவனின் நிலைமை வேறு. அவனுக்கு வேதியியல் ஒரு பருவம் தாண்ட வேண்டிய பாடம். நீரின் கடினத்தன்மையில் அவனைப் பிடிக்கலாம். எல்லா உப்பின் அளவையும் 100-ஆல் பெருக்கி மூலக்கூறு எடையால் வகுப்பான். ஏன் என்று கேட்டால் தெரியாது. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 100 என்பதால் அதை அளவுகோலாக வைத்திருக்கிறோம், 162 மில்லிகிராம் கால்சியம் பைகார்பனேட்டில் உள்ள கால்சியமும் 100 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியமும் ஒரே அளவு என்று காட்டுங்கள். கேள்வியில் சோடியம் குளோரைடும் கொடுத்திருந்தால் அதையும் கூட்டிவிடுவான். சோடியம் சோப்பை வீழ்படிவாக்காது, அதனால் கடினத்தன்மையில் அதற்கு இடமில்லை என்று தெரிந்தவன் அந்தப் பொறியில் விழமாட்டான். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற சேர்மத்தை வைத்துச் செய்யும் தரம்பார்த்தலுக்கும் ஒரே ஒரு உறவு போதும்: 0.01 மோலார் இடிடிஏ ஒரு மில்லிலிட்டர், ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 50 மில்லிலிட்டர் நீருக்கு 15 மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 300 மில்லிகிராம். அவன் விடுதிக் குழாய் நீரில் ஆய்வகத்தில் என்ன வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாடத்துக்குள் வந்துவிடுவான்.

விலங்கியல் மாணவிக்கு அவளுடைய பாடத்திலிருந்தே வழி இருக்கிறது. அமில, காரச் சமநிலையை கிளைசீனை வைத்து நடத்துங்கள். அதன் இரண்டு பிகேஏ மதிப்புகள் (அமில வலிமையைக் காட்டும் எண்கள்) 2.34, 9.60. நடுவில் 5.97-ல் மொத்த மின்சுமை பூஜ்யம். இரத்தத்தின் பிஎச் 7.4-ல் கிளைசீன் எந்த வடிவில் இருக்கும் என்று அவளையே வரையச் சொல்லுங்கள். உயிர்வேதியியலில் புரதங்களை மின்புலத்தில் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் படிக்கும்போது இது அவளுக்குக் கைகொடுக்கும்.

கரிம வேதியியலில் வினைவழிமுறை வந்தால் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்த அம்பு எங்கிருந்து புறப்படுகிறது? எலக்ட்ரான்கள் நகர்வதைக் காட்டும் வளைந்த அம்பு, எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது ஒரு தனி இரட்டையிலிருந்தோ ஒரு பிணைப்பிலிருந்தோ, கிளம்ப வேண்டும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு போடும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அங்கே கொடுப்பதற்கு எலக்ட்ரானே கிடையாது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் பட்டாச்சார்யா, பாட்னர் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், முதுநிலை ஆய்வு மாணவர்களே விளைபொருளை எட்டினால் போதும் என்று பொருளற்ற அம்புகளை வரைவதைக் கண்டார்கள். அந்த நிலையிலும் அப்படி என்றால் நம் பி.எஸ்சி. மாணவியைக் கோபிக்க ஒன்றுமில்லை. அம்பின் பொருளை அவளே ஒரு வாக்கியமாகச் சொல்லும்வரை அடுத்த அம்புக்குப் போகாதீர்கள்.

தமிழ்வழியில் வந்தவளுக்குத் தமிழிலேயே விளக்குங்கள், தயங்க வேண்டாம். ஆனால் புரிந்தபின் அதே விஷயத்தை நான்கு வரி ஆங்கிலத்தில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவளே எழுத வேண்டும். இலக்கணப் பிழையை விட்டுவிட்டு வேதியியலை மட்டும் திருத்துங்கள். தேர்வுத் தாளில் அவளைத் தடுப்பது பல நேரம் பாடம் இல்லை, எப்படித் தொடங்குவது என்ற தயக்கம்தான்.

இரண்டு மாதத்தில் பாடம் முழுவதையும் மறுபடி நடத்த முடியாது, முயலவும் வேண்டாம். கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை அவர்களையே கொண்டுவரச் சொல்லி, அலகு வாரியாகப் பிரித்து, அடிக்கடி வரும் கருத்துகளைத் தெரிந்தெடுங்கள். வாரத்தில் ஒரு நாள் நேரம் வைத்து, நோட்டு இல்லாமல் எழுத வையுங்கள். மாணவர்களுக்கு இது பிடிக்காது. திரும்பத் திரும்பப் படிப்பதே நிம்மதியாக இருக்கும். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் செய்த சோதனையில், மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். உங்கள் மாணவர்களின் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே.

அசைன்மென்ட் எழுதித் தரக் கூடாது. ரெக்கார்டு நோட்டும் அப்படியே. அதில் வரும் மதிப்பெண் அவர்களுடையது இல்லை, கல்லூரிக்குத் தெரிந்தால் பாதிப்பும் அவர்களுக்குத்தான். முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டியதில்லை. அசைன்மென்ட் கேள்வியைப் போன்ற இன்னொரு கேள்வியை எடுத்து, எண்களையும் சேர்மத்தையும் மாற்றி, உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் அசைன்மென்ட்டை வீட்டில் தானே எழுதுவார்கள். எழுதியதைக் கொண்டுவந்தால் படித்துப் பார்த்து, எந்த வரியில் சந்தேகம் என்று சுட்டலாம். அந்த வரியைத் திருத்தி எழுதுவது அவர்கள் வேலை. ஆய்வகத்துக்கு வேண்டுமானால் வாய்மொழித் தேர்வுக் கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள்: பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ஆக்சாலிக் அமிலத்தை ஏன் சூடாக்குகிறோம், தனியாக நிறங்காட்டி ஏன் வேண்டாம் என்பது போன்றவை.

மூவரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். பாடத்திட்டம் வேறு, தடுமாறும் இடமும் வேறு. ஆளுக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்பது, மூவரும் தினமும் இரண்டு மணி நேரம் கும்பலாக இருப்பதைவிட நல்லது. கட்டணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். அரியர் தாண்டிவிடும் என்று பெற்றோருக்கு உறுதி மட்டும் கொடுக்காதீர்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வந்தால் 'நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்' என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த அரியர் தாளைப் பற்றி ஒன்று. பல பல்கலைக்கழகங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு விடைத்தாள் நகல் கொடுக்கின்றன. அதற்கான கெடு முடியவில்லை என்றால் அவளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் அந்த நகலை நடுவில் வைத்து, எந்தக் கேள்வியை எழுதாமல் விட்டாள், எந்தக் கேள்வியைப் பாதியில் நிறுத்தினாள் என்று இருவருமாகப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் அதே வினாத்தாளை இன்னொரு முறை, மூன்று மணி நேரம், உங்கள் வீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த எட்டு வாரத்துக்கான பாடத்திட்டம் அந்தத் தாளிலேயே இருக்கும்.