தேய்த்த பித்தளை விளக்கு ஏன் சீக்கிரமே கறுத்துவிடுகிறது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதிலுள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே மெல்லிய படலம் கட்டுகிறது. நறுக்கிவைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதுபோலத்தான். பச்சையாகப் பூத்தால் அது களிம்பு.

புளியின் அமிலம் இந்தப் படலத்தைக் கரைத்துவிடும். சிக்கல் அப்புறம்தான். குத்துவிளக்கின் தண்டு வளையங்களிலும் அன்னத்தின் கழுத்தடியிலும் தங்கிய புளிச்சாறு தன் வேலையை நிறுத்தாது; பச்சை முதலில் பூப்பது அங்கேதான். புளியில் ஊறப்போட்டு மறந்தாலோ, துத்தநாகம் கரைந்து விளக்கே இளஞ்சிவப்பாகிவிடும். (பளபளப்பு என்று சிலர் அதையும் ரசிப்பார்கள்!) அதனால் சில நிமிடம் தேய்த்தால் போதும். நன்றாக அலசி, பழைய பருத்தி வேட்டியால் ஒற்றித் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். பிறகு துளி எண்ணெயைத் தடவித் துடைத்தெடுத்தால் காற்றும் ஈரமும் கொஞ்சநாள் அண்டாது. அதிகம் தடவினால் பிசுக்குதான் மிச்சம்.

கறுத்தால் கலப்படம் என்பார்கள். அப்படியில்லை, நல்ல பித்தளையும் கறுக்கும், கறுக்கவே கறுக்காத விளக்கில் பெரும்பாலும் மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள்.